அயர்லாந்து 100: சண்டையும் சாவுமா போன பத்து வருஷத்தை ஒரு நாடு எப்படி நினைவுகூர்ந்துச்சு? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

டப்ளின் வர்ற நம்ம ஆளுங்க, படிக்க வர்ற பசங்க, சும்மா வரலாறு மேல ஆர்வம் இருக்கறவங்கன்னு பலரும் திரும்பத் திரும்பக் கேக்கற கேள்விகளை ஒரே இடத்துல போட்டிருக்கேன். மேலேர்ந்து கீழ படிக்கணும்னு இல்ல, வேண்டிய கேள்விக்கு நேரா தாவிக்கலாம்.

நூற்றாண்டு, நூற்றாண்டுன்னு சொல்றாங்களே, எதோட நூற்றாண்டு?

ஒரு நாள், ஒரு சம்பவம்னு இல்ல. 1912-ல இருந்து 1923 வரைக்கும் அயர்லாந்துல நடந்த எல்லாத்துக்கும் சேர்த்து, 2012-ல ஆரம்பிச்சு 2023 வரைக்கும் அரசாங்கமே நடத்தின ஒரு பெரிய நினைவு நிகழ்ச்சித் தொடர். எதை எப்படி நினைவுகூரலாம்னு யோசனை சொல்ல வரலாற்றாசிரியர்களைப் போட்டு ஒரு குழு வெச்சாங்க, அதுக்குத் தலைவர் மாரிஸ் மேனிங். அரசியல்வாதி கையில மட்டும் விட்டா ஆளாளுக்கு தன் கட்சித் தாத்தாவுக்கு மாலை போட்டுட்டுப் போயிடுவாங்கன்னு அவங்களுக்கே தெரியும் போல.

எனக்கு அந்த வரலாறே தெரியாது, சுருக்கமா சொல்ல முடியுமா?

முயற்சி பண்றேன். அயர்லாந்து மொத்தமும் அப்போ பிரிட்டன் கையில. 1912-ல ஹோம் ரூல், அதாவது உள்நாட்டு சுயாட்சி கொடுக்கற மசோதா லண்டன்ல வருது, வடக்குல இருக்கற புராட்டஸ்டன்ட் மக்கள் பெரும்பாலும் அதை எதிர்க்கறாங்க, 1912 செப்டம்பர் 28-ம் தேதி அல்ஸ்டர் (வடக்கு மாகாணத்தோட பேர்) உடன்படிக்கைன்னு கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் கையெழுத்து போடறாங்க. 1913-ல டப்ளின்ல ஜிம் லார்கின் தலைமைல பெரிய தொழிலாளர் போராட்டம், முதலாளிங்க கதவடைப்பு, மாசக்கணக்குல பட்டினி. அதே வருஷம் சுயாட்சி வேணும்னவங்க, வேண்டாம்னவங்கன்னு ரெண்டு பக்கமும் தனியார் படை கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. 1914-ல முதல் உலகப்போர், சுயாட்சியை ஓரமா வெச்சுட்டாங்க.

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள்கிழமை, பேட்ரிக் பியர்ஸ், ஜேம்ஸ் கானலி எல்லாம் டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தைப் பிடிச்சு குடியரசுப் பிரகடனம் வாசிக்கறாங்க. ஆறே நாள்ல அடக்கிட்டாங்க. மக்கள்ல பல பேருக்கு கலகக்காரங்க மேல கோவம்தான் இருந்துச்சு, ஆனா மே மாசம் ஒவ்வொருத்தரா சுட்டுக் கொன்ன விதம் இருக்கே, காயம்பட்டு நிக்க முடியாத கானலியை நாற்காலில உக்கார வெச்சு சுட்டாங்க, அது எல்லாத்தையும் புரட்டிப் போட்டுடுச்சு. 1918 தேர்தல்ல தனி நாடு கேட்ட சின் ஃபெயின் கட்சிக்கு 105 சீட்ல 73. ஜெயிச்சவங்க லண்டன் போகாம 1919 ஜனவரி 21-ம் தேதி டப்ளின்லயே தனி நாடாளுமன்றம் கூட்டறாங்க, அதே நாள்ல டிப்பரரி பக்கம் ரெண்டு போலீஸ்காரங்களைச் சுடறாங்க, சுதந்திரப் போர் ஆரம்பம். 1921 ஜூலைல போர்நிறுத்தம், டிசம்பர்ல பிரிட்டனோட ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தை ஏத்துக்கறதா வேண்டாமான்னு தங்களுக்குள்ளயே அடிச்சுக்கிட்டு 1922 ஜூன்ல இருந்து 1923 மே வரைக்கும் உள்நாட்டுப் போர். இதுக்கு நடுவுல 1921 மே மாசமே வடக்குல ஆறு கவுண்ட்டியை (நம்ம மாவட்டம் மாதிரி) பிரிச்சு வட அயர்லாந்துன்னு ஆக்கியாச்சு.

1916 எழுச்சி நடந்தது ஏப்ரல் 24. நூற்றாண்டு விழா ஏன் மார்ச் 27-ல நடந்துச்சு?

ஈஸ்டர் தேதி வருஷா வருஷம் மாறும்ல, இவங்க தேதியை விட்டுட்டு பண்டிகையைப் பிடிச்சுக்கறாங்க. 2016-ல ஈஸ்டர் ஞாயிறு மார்ச் 27. தபால் நிலைய வாசல்ல ராணுவ கேப்டன் ஒருத்தர் பிரகடனத்தை வாசிச்சாரு, ஜனாதிபதி மலர்வளையம் வெச்சாரு, ஓ'கானல் தெரு முழுக்க ஜனம். அதுக்கு முன்னாடியே ராணுவக்காரங்க நாடு முழுக்க ஒவ்வொரு ஆரம்பப் பள்ளிக்கும் நேர்ல போய் தேசியக் கொடியும் பிரகடனப் பிரதியும் கொடுத்துட்டு வந்தாங்க.

இதுக்கு முன்னாடியும் இப்படித்தான் கொண்டாடினாங்களா?

இல்ல, இதைத்தான் முக்கியமா கவனிக்கணும். 1966-ல பொன்விழா, அப்போ ஜனாதிபதியே டி வலேரா, 1916-ல துப்பாக்கி தூக்கின ஆளு. வீரம், தியாகம்னு ஒரே ராகம், அந்த மார்ச்ல யாரோ ஓ'கானல் தெருவுல நின்ன பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனோட தூணை வேற குண்டு வெச்சு ஒடச்சுட்டாங்க. அப்புறம் வட அயர்லாந்துல கலவரம் வெடிச்சு வருஷக்கணக்கா ஆள் செத்துட்டு இருந்தப்போ, 1916-ஐப் புகழ்ந்தா இப்போ குண்டு வைக்கறவனுக்கு ஆதரவு மாதிரி ஆயிடுமோன்னு தெற்குல அரசாங்கத்துக்கே பயம் வந்துடுச்சு. 1991-ல 75-வது வருஷத்தை ஏதோ கடனேன்னு சின்னதா முடிச்சாங்க. 1998-ல சமாதான ஒப்பந்தம் வந்ததும், 2011 மே மாசம் எலிசபெத் ராணி டப்ளின் வந்து, பிரிட்டனை எதிர்த்துச் செத்தவங்களோட நினைவுத் தோட்டத்துல மாலை வெச்சு தலை வணங்கினதும்தான் 2016-ஐ இவ்ளோ தைரியமா பண்ண வெச்சுது.

1916-ல செத்தவங்க எல்லாரும் கலகக்காரங்களா?

பாதி கூட இல்ல. மொத்தம் 485 பேருன்னு டப்ளின்ல இருக்கற கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்து ஆய்வுல கணக்கெடுத்திருக்காங்க, அதுல பாதிக்கு மேல ஒரு பக்கமும் சேராத பொதுமக்கள். 16 வயசும் அதுக்குக் கீழயும் இருந்த 40 குழந்தைகள் செத்திருக்காங்க, இந்தப் பட்டியலைத் தேடிப் பிடிச்சு எழுதினவர் ஜோ டஃபின்னு ஒரு ரேடியோ தொகுப்பாளர். அதுவரைக்கும் அந்தப் பிள்ளைங்களைப் பத்தி பெருசா யாரும் பேசினதில்ல.

கிளாஸ்நெவின் சுவர் பிரச்சனைன்னா என்ன?

இந்த 485 பேரோட பேரையும் ஒரே கருப்புச் சுவர்ல பொறிச்சு 2016 ஏப்ரல்ல திறந்தாங்க. கலகக்காரர், பிரிட்டிஷ் சிப்பாய், ரொட்டி வாங்கப் போன ஆளு, எல்லாரும் செத்த தேதி வரிசைல, யாருக்கும் பட்டமோ பதவியோ கிடையாது. யோசனை நல்ல யோசனைதான். ஆனா சுதந்திரத்துக்காகச் செத்தவன் பேருக்குப் பக்கத்துல அவனைச் சுட்டவன் பேரான்னு திறப்பு விழா அன்னைக்கே வாசல்ல எதிர்ப்பு. 2017-ல பெயிண்ட் ஊத்தினாங்க, 2020-ல சுத்தியலால அடிச்சு நொறுக்கினாங்க, கடைசில 2022-ல அந்தப் பெயர்களையே எடுத்துட முடிவு பண்ணிட்டாங்க.

எனக்கு இதுல ரெண்டு மனசு. பொதுமக்கள் பேரைத் தனியா வெச்சிருந்தா ஒருத்தனும் சுத்தியல் எடுத்துட்டு வந்திருக்க மாட்டான், அதே சமயம் ஒரு குழந்தையைத் தெருவுல சுட்டது எந்தப் பக்கத்துத் துப்பாக்கின்னே தெரியாதப்போ யாரை எங்க தனியா வைக்கறது? பெயர்களை எடுக்க வேண்டி வந்தது தோல்விதான், அதுக்கு வேற பேர் வைக்க முடியாது.

பிரிட்டிஷ் ராணுவத்துல சேர்ந்து செத்த ஐரிஷ்காரங்களை என்ன பண்ணாங்க?

முதல் உலகப்போர்ல 2 லட்சத்துக்கும் மேல ஐரிஷ்காரங்க பிரிட்டிஷ் யூனிஃபார்ம்ல போனாங்க. திரும்பி வந்தப்போ ஊரே மாறியிருந்துச்சு, பல வீட்டுல மெடலைப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிட்டாங்க, பேரன் பேத்திக்குக் கூட சொல்லல. வடக்குல நேர் எதிர், 1916 ஜூலை 1 பிரான்ஸ்ல நடந்த சோம் போர்ல அல்ஸ்டர் டிவிஷன் பட்ட அடிதான் அவங்களுக்குப் புனிதக் கதை. நூற்றாண்டுல தெற்கு அரசாங்கமும் இவங்களை வெளிப்படையா நினைவுகூர ஆரம்பிச்சுது.

2016 மே மாசம் டப்ளின் கிராஞ்ச்கார்மன் ராணுவக் கல்லறைல, 1916 எழுச்சியில செத்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு ஒரு நிகழ்ச்சி வெச்சாங்க. நடுவுல ஒருத்தர் கத்திக்கிட்டே முன்னாடி ஓடி வர, போலீஸுக்கு முன்னாடி அவரை அமுக்கிப் பிடிச்சது யாரு தெரியுமா, கனடா நாட்டுத் தூதர்! கெவின் விக்கர்ஸ், ஒட்டாவா நாடாளுமன்றத்துல பாதுகாப்பு அதிகாரியா இருந்து 2014-ல துப்பாக்கியோட உள்ள வந்தவனை எதிர்கொண்ட மனுஷன், பழக்கதோஷம் போல.

பெண்கள் இதுல எங்க?

எல்லா இடத்துலயும் இருந்தாங்க, படத்துல மட்டும் இல்ல. பியர்ஸ் சரணடையற போட்டோ ஒண்ணு ரொம்பப் பிரபலம். பக்கத்துல நின்ன எலிசபெத் ஓ'ஃபாரல்ங்கற நர்ஸ்தான் வெள்ளைக் கொடியோட துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவுல நடந்து போய் சரணடையற செய்தியைச் சொன்னவங்க. போட்டோல அவங்க பாதமும் பாவாடை ஓரமும் மட்டும் தெரியும், பின்னாடி அச்சடிச்ச சில பிரதிகள்ல அதையும் அழிச்சுட்டாங்க.

இன்னொருத்தர் மார்கரெட் ஸ்கின்னிடர். ஸ்காட்லாந்துல பிறந்த டீச்சர், 1916-ல குறிபார்த்துச் சுடற வேலைல இருந்து மூணு குண்டு வாங்கினவங்க. 1925-ல ராணுவ பென்ஷனுக்கு அப்ளை பண்ணா, சட்டத்துல சிப்பாய்ன்னா ஆம்பளைன்னுதான் அர்த்தம்னு காரணம் சொல்லி நிராகரிச்சுட்டாங்க, சட்டம் மாறினதுக்கு அப்புறம் 1938-லதான் கிடைச்சுது. அந்தக் கடுதாசி எல்லாம் இப்போ ஆன்லைன்ல ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்க, படிச்சா ரத்தம் கொதிக்கும்.

நூறு வருஷம் கழிச்சும் திருந்தினாங்களான்னா, 2016-க்காக டப்ளின் ஆபி தியேட்டர் அறிவிச்ச 10 நாடகத்துல பெண் எழுதினது ஒண்ணே ஒண்ணு. 2015 நவம்பர்ல நாடகப் பெண்கள் எல்லாம் கொதிச்சு எழுந்து பெரிய இயக்கமே நடத்தினாங்க, தியேட்டர் இறங்கி வந்துச்சு. எனக்குக் கேட்டா அணிவகுப்பை விட இதுதான் 1916 பிரகடனத்துக்குப் பொருத்தமான நினைவு, ஏன்னா அந்தப் பிரகடனம் தொடங்கறதே ஐரிஷ் ஆண்களையும் பெண்களையும் சேர்த்துக் கூப்பிட்டுத்தான்.

பிளடி சண்டே நூற்றாண்டு கோவிட் நேரத்துல வந்துச்சே, எப்படி நடத்தினாங்க?

முதல்ல சம்பவம். 1920 நவம்பர் 21 காலைல சுதந்திரப் போர்த் தலைவர்கள்ல ஒருத்தரான மைக்கேல் காலின்ஸோட ஆளுங்க டப்ளின்ல பிரிட்டிஷ் உளவு அதிகாரிங்கன்னு குறிச்சு வெச்ச பலரைச் சுட்டுக் கொல்றாங்க. அன்னைக்கு மத்தியானம் குரோக் பார்க் மைதானத்துல டப்ளினுக்கும் டிப்பரரிக்கும் கேலிக் ஃபுட்பால் (அயர்லாந்தோட சொந்த விளையாட்டு) மேட்ச், அங்க பிரிட்டிஷ் படை உள்ள நுழைஞ்சு ஒண்ணரை நிமிஷம் சுடுது, 14 பேர் சாவு. ஜெரோம் ஓ'லியரிக்கு வயசு 10. ஜேன் பாயில் தன் கட்டிக்கப்போற பையனோட மேட்ச் பார்க்க வந்தவங்க, இன்னும் சில நாள்ல கல்யாணம், கல்யாணத்துக்குத் தச்ச உடுப்போடயே புதைச்சாங்க. டிப்பரரி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன் மைதானத்துலயே விழுந்தாரு, இன்னைக்கும் அங்க ஒரு ஸ்டாண்டுக்கு அவர் பேர்தான்.

2020-ல மைதானம் காலி, ஒரு ரசிகன் கிடையாது. இருட்டுல 14 தீப்பந்தம் ஏத்தி, ஒவ்வொருத்தர் பேரா சொன்னாங்க. கூட்டம் இருந்திருந்தா இவ்ளோ அழுத்தமா வந்திருக்காதுன்னு பல பேர் சொன்னாங்க, நானும் அதேதான் சொல்வேன். இன்னொரு பக்கம் கேலிக் விளையாட்டுச் சங்கமே வருஷக்கணக்கா அந்த 14 பேரோட குடும்பங்களைத் தேடி, கல்லு இல்லாம கிடந்த கல்லறைகளுக்குக் கல் வெச்சு முடிச்சுது. பேச்சை விட இந்த வேலை பெருசு.

இதுல நம்பவே முடியாத விஷயம், அடுத்த நாளே டிப்பரரி டீம் 1920 மாடல் வெள்ளை-பச்சை ஜெர்சி போட்டுக்கிட்டு கார்க்கை ஜெயிச்சு 1935-க்கு அப்புறம் முதல் தடவையா மன்ஸ்டர் (தெற்கு மாகாணம்) கோப்பை வாங்கிடுச்சு, அதே நாள் கேவன் கவுண்ட்டி டீமும் ஜெயிக்க, 2020 அகில அயர்லாந்து அரையிறுதில வந்த நாலு டீமும் 1920-ல வந்த அதே நாலு டீம். சினிமாவுல வெச்சா ஓவரா இருக்கேன்னு சொல்லியிருப்போம்.

2020-ல போலீஸ்காரங்களுக்கு அஞ்சலின்னு ஏதோ பெரிய சண்டை வந்துச்சாமே?

ஆமா, இந்தப் பத்து வருஷத்துலயே அரசாங்கம் மோசமா மாட்டிக்கிட்டது இதுலதான். ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரின்னு பிரிட்டிஷ் காலத்துப் போலீஸ், 1922-ல கலைச்சாங்க. 2020 ஜனவரி 17-ம் தேதி டப்ளின் கோட்டைல அவங்களுக்கு ஒரு நினைவு நிகழ்ச்சின்னு நீதித்துறை அமைச்சர் சார்லி ஃபிளனகன் அறிவிச்சாரு. சிக்கல் என்னன்னா, 1920-ல இந்தப் போலீஸுக்குத் துணையா ஆள் சேர்த்து அனுப்பினவங்கதான் பிளாக் அண்ட் டான்ஸ், ஊரை எரிச்சு, வீடு புகுந்து அடிச்ச கூட்டம், இன்னைக்கும் கிராமத்துல அந்தப் பேரைச் சொன்னா கெட்ட வார்த்தை மாதிரி. கிளேர் கவுண்ட்டி மேயர் முதல் ஆளா வரமாட்டேன்னாரு, அப்புறம் ஒவ்வொருத்தரா. பிளாக் அண்ட் டான்ஸைக் கிண்டலடிக்கற பழைய பாட்டு ஒண்ணு டவுன்லோடு லிஸ்ட்ல முதலிடத்துக்கே போயிடுச்சு. ஜனவரி 7-ம் தேதி நிகழ்ச்சியைத் தள்ளி வெச்சுட்டாங்க.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. அந்தப் போலீஸ்ல பெரும்பாலானவங்க சாதாரண கத்தோலிக்க விவசாயி வீட்டுப் பசங்க, மாசச் சம்பளத்துக்காகச் சேர்ந்தவங்க, அந்தப் போர்ல செத்த போலீஸ் மட்டும் 500 பேர்கிட்ட. அவங்க பேத்திங்க இன்னைக்கும் ஊர்ல இருக்காங்க. குடும்பம் அஞ்சலி செலுத்தறது வேற, அரசாங்கமே மேடை போட்டு செலுத்தறது வேற, இந்த வித்தியாசத்தை யாரும் முன்கூட்டி யோசிக்கலங்கறதுதான் பிரச்சனை.

வட அயர்லாந்து பிறந்த நூற்றாண்டை யாராவது கொண்டாடினாங்களா?

ஒரு பக்கத்துக்கு அது பிறந்தநாள், இன்னொரு பக்கத்துக்கு பாகப்பிரிவினை நடந்த நாள், ரெண்டு பேரும் ஒரே கேக்கை வெட்ட முடியுமா? 2021 அக்டோபர் 21 வட அயர்லாந்துல இருக்கற ஆர்மா ஊர்ல தேவாலயத் தலைவர்கள் சேர்ந்து ஒரு பிரார்த்தனை வெச்சாங்க. நிகழ்ச்சியோட தலைப்பே அரசியலா இருக்குன்னு அப்போதைய அயர்லாந்து ஜனாதிபதி மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் போகல, வடக்குல யூனியனிஸ்ட்களுக்கு (பிரிட்டனோடயே இருக்கணும்ங்கறவங்க) கடுப்பு, தெற்குல நிறைய பேர் அவர் பக்கம். ராணி உடம்பு முடியாம வரல. போரிஸ் ஜான்சன் வந்தாரு. டப்ளின் அரசாங்கம் அமைச்சர்களை அனுப்பி வெச்சு ஒரு மாதிரி சமாளிச்சுது.

உள்நாட்டுப் போரைப் பத்தி ஏன் யாருமே வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க?

ஏன்னா அதுல வெள்ளைக்காரன் இல்ல, அண்ணன் தம்பிதான். ஒப்பந்தத்துக்கு 64 ஓட்டு ஆதரவு, 57 எதிர்ப்பு, அவ்ளோதான் வித்தியாசம். சண்டைக்கு முக்கியக் காரணம் பிரிவினை கூட இல்ல, பிரிட்டிஷ் ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கணுமாங்கறதுதான். 1922 டிசம்பர்ல ஒப்பந்தத்தை ஆதரிச்ச அரசாங்கம், அதை எதிர்த்த தலைவர் ரோரி ஓ'கானர் உட்பட நாலு கைதிகளை விசாரணையே இல்லாம சுட்டுச்சு. அந்த முடிவை எடுத்த அமைச்சர்கள்ல ஒருத்தர் கெவின் ஓ'ஹிக்கின்ஸ், முந்தின வருஷம் அவரோட கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனே ரோரி ஓ'கானர்தான். 1927-ல ஓ'ஹிக்கின்ஸையும் சுட்டுட்டாங்க.

கெர்ரி கவுண்ட்டி கதை இன்னும் மோசம். 1923 மார்ச் 6 நாக்நகோஷல்ல பொறி வெச்ச கண்ணிவெடில அரசு ராணுவத்தார் 5 பேர் செத்தாங்க. அடுத்த நாள் விடியறதுக்கு முன்னாடி பல்லிசீடில 9 கைதிகளை ஒரு கண்ணிவெடியைச் சுத்திக் கட்டி வெச்சு வெடிச்சாங்க. 8 பேர் சாவு, ஸ்டீஃபன் ஃபுல்லர் மட்டும் தூக்கி வீசப்பட்டு தப்பிச்சுட்டாரு, அது தெரியாம ராணுவம் 9 சவப்பெட்டியை அனுப்பி வெச்சுது. அவர் அப்புறம் நாடாளுமன்ற உறுப்பினரா கூட ஆனாரு, ஆனா 1980-ல ஒரு டிவி பேட்டி வரைக்கும் அதைப் பொதுவெளில பேசினதே இல்ல. 2023-ல கெர்ரி ஆளுங்க நாக்நகோஷல்லயும் கூடினாங்க, பல்லிசீடிலயும் கூடினாங்க.

இந்தப் போர்ல பிரிஞ்ச ரெண்டு பக்கத்துல இருந்து வந்த கட்சிகள்தான் ஃபியனா ஃபாலும் ஃபீன கேலும், மாத்தி மாத்தி நாட்டை ஆண்டவங்க. 2020-ல முதல் தடவையா ரெண்டும் கூட்டணி போட்டு ஆட்சிக்கு வந்துச்சு. ஒப்பந்தத்தை ஆதரிச்ச மைக்கேல் காலின்ஸ் சுடப்பட்ட, கார்க் கவுண்ட்டில இருக்கற பியல் ந பிளால 2022 ஆகஸ்ட்ல, ஒப்பந்தத்தை எதிர்த்த பக்கத்துல இருந்து வந்த ஃபியனா ஃபாலோட அப்போதைய பிரதமர் மீஹால் மார்ட்டினும் ஃபீன கேல் தலைவர் லியோ வரத்கரும் ஒரே மேடைல பேசினாங்க. பத்து வருஷம் முன்னாடி இதைச் சொல்லியிருந்தா கார்க்ல சிரிச்சிருப்பாங்க.

இவ்ளோ செலவு பண்ணதுல உருப்படியா மிஞ்சினது என்ன?

என்னைக் கேட்டா அணிவகுப்பு இல்ல, சிலை இல்ல, ஆவணங்கள். 1947-ல இருந்து 1957 வரைக்கும் போர்ல இருந்தவங்ககிட்ட 1,773 வாக்குமூலம் வாங்கி வெச்சு, சாட்சிங்க எல்லாம் சாகற வரைக்கும்னு பூட்டிட்டாங்க, 2003-லதான் திறந்தாங்க, 2012-ல மொத்தமும் இலவசமா இணையத்துல வந்துடுச்சு. 2014-ல இருந்து பென்ஷன் ஃபைல்கள் தவணை தவணையா. அதைப் படிச்சாத்தான் தெரியும், வீர வசனத்துக்குப் பின்னாடி எவ்ளோ பேர் வேலை இல்லாம, காசநோயோட, எனக்கு அஞ்சு பவுண்டாச்சும் கொடுங்கன்னு எழுதிட்டு இருந்திருக்காங்கன்னு.

அப்புறம் பொது ஆவணக் காப்பகம். 1922 ஜூன் 30-ம் தேதி ஃபோர் கோர்ட்ஸ்ங்கற டப்ளின் நீதிமன்ற வளாகத்துல நடந்த சண்டைல அது வெடிச்சு, 700 வருஷத்து ஆவணம் எரிஞ்சு, காகிதத் துண்டு கடற்கரை ஊரான ஹோத் வரைக்கும் பறந்துச்சாம். 1821-ல இருந்து 1851 வரைக்குமான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கிட்டத்தட்ட மொத்தமும் போச்சு. அதோட நூற்றாண்டுக்கு டிரினிட்டி கல்லூரி தலைமைல, உலகம் முழுக்க வேற வேற காப்பகத்துல இருந்த நகல்களைத் தேடி எடுத்து, எரிஞ்ச கட்டடத்தையே கம்ப்யூட்டர்ல திரும்பக் கட்டி, 2022 ஜூன்ல யார் வேணா பார்க்கலாம்னு திறந்து விட்டாங்க. சுவரைச் சுத்தியலால உடைக்கலாம், இதை உடைக்க முடியாது.

நம்ம ஊரோட ஏதாவது தொடர்பு இருக்கா?

இருக்கு, நிஜமாவே இருக்கு. பின்னாடி ஜனாதிபதி ஆன வி.வி.கிரி 1913-ல இருந்து 1916 வரைக்கும் டப்ளின்ல சட்டம் படிச்சவர், ஐரிஷ் தேசியவாதிகளோட பழகினதால எழுச்சிக்கு அப்புறம் நாட்டை விட்டுப் போகச் சொல்லிட்டாங்க. 1937-ல ராஜாஜி மந்திரிசபைல தொழிலாளர் அமைச்சர். இன்னொருத்தர் மார்கரெட் கசின்ஸ், டப்ளின்ல பெண்கள் ஓட்டுரிமைக்குப் போராடி 1913-ல டல்லமோர் ஜெயில்ல இருந்தவங்க, 1915-ல இந்தியா வந்து, 1917-ல அடையாறுல இந்திய மாதர் சங்கத்தை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், 1932-ல பிரிட்டிஷ் அவசரச் சட்டத்தை எதிர்த்துப் பேசி வேலூர் ஜெயிலுக்கும் போனாங்க. அன்னி பெசன்ட் இங்க ஹோம் ரூல் இயக்கம்னு பேர் வெச்சதும் அயர்லாந்தைப் பார்த்துத்தான்.

டப்ளின் வந்தா எங்க போய்ப் பார்க்கலாம்?

ஓ'கானல் தெருவுல ஆரம்பிங்க. ஓ'கானல் சிலைக்குக் கீழ சிறகு வெச்ச வெண்கலப் பெண் சிலைகள் இருக்கு, உத்துப் பாருங்க, தோட்டா போன ஓட்டை தெரியும், டூரிஸ்ட் முக்கால்வாசிப் பேர் கவனிக்காம செல்ஃபி எடுத்துட்டுப் போயிடறாங்க. கொஞ்ச தூரத்துல தலைமைத் தபால் நிலையம், அதுல 2016-ல திறந்த மியூசியம். 1916 தலைவர்கள் பலரைச் சுட்ட கில்மேனம் ஜெயிலுக்கு டிக்கெட் முன்கூட்டியே ஆன்லைன்ல எடுத்துடுங்க, நேர்ல போய் நின்னா கிடைக்கறது கஷ்டம். காலின்ஸ் பேரக்ஸ் தேசிய மியூசியம் இலவசம், மழை நாளுக்கு ஒதுக்கி வெச்சுக்கோங்க, மழை கண்டிப்பா வரும்.

2023-ஓட எல்லாம் முடிஞ்சுதா?

அரசாங்கத் திட்டம் முடிஞ்சுது. ஆனா புது நாடு உருவானதுக்கு அப்புறம் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1926 ஏப்ரல் 18-ம் தேதி எடுத்தது, அதுக்கு 100 வருஷப் பூட்டு, 2026 ஏப்ரலோட அது முடியுது. யார் வீட்டுல யார் இருந்தாங்க, எந்தப் பிள்ளையைக் காணோம், எந்த புராட்டஸ்டன்ட் குடும்பம் ஊரை விட்டுப் போயிருக்குன்னு 1911 கணக்கெடுப்போட பக்கத்துல வெச்சு வீட்டுக்கு வீடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், அடுத்த ரவுண்டு சண்டை அங்க இருந்துதான் கிளம்பும்னு நினைக்கறேன்.